காற்றுச் சக்கரத்திற்கு ஒரு கவசம்

சைக்கிள் ஏறுவோர்க்கு நேரும் இடர்களுள் அடிக்கடி வருவது, ட்யூபில் துளை விழுந்து காற்று இறங்கிப் போதலே. பஞ்சர் என யாவரும் கூறும் இது, பரீட்சைக்கு விரையும் மாணவனை நடுவழியில் நிறுத்திவிடும். வேகமாய் வளைவில் திரும்புங்கால் முன்சக்கரத்துக் காற்று திடீரென இறங்குமாயின், ஏறியிருப்பவனைத் தரையில் வீழ்த்தவும் கூடும். ஆதலின், இவ்விடர் வரும் வழிகளையும், அதனைத் தடுக்க டயருக்குள் இடும் லைனர் என்னும் உட்பட்டையின் பயனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

காற்றடைத்த சக்கரத்திற்கு முதன்முதல் உரிமைப்பத்திரம் பெற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தவரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன். அஃது 1845-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாயினும், அன்று வழக்கில் பரவவில்லை. பின்னர், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் 1887-இல் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்குக் காற்றுக் குழாய் பொருத்தினார். அக்காலத்து டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையின், துளையை அடைத்தல் பெரும்பாடாயிற்று. அக்குறையை நீக்க 1891-இல் பிரான்சு தேசத்து மிஷலின் சகோதரர் எளிதிற் கழற்றி மாட்டும் டயரைச் செய்தனர். துளையை அடைக்கும் வழி இவ்வாறு எளிதாயிற்று; துளை விழாமற் காக்கும் வழியே எஞ்சி நின்றது.

துளை விழும் வழிகள் மூன்று. முள், கண்ணாடிச் சில்லு, தேய்ந்த லாரி டயரினின்று உதிரும் மெல்லிய கம்பி முதலியன வெளியிலிருந்து தைத்தல் ஒன்று. காற்றுக் குறைந்த டயர் குழியில் மோதுங்கால், ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல இரு துளைகள் விழுதல் மற்றொன்று. ரிம்மின் உட்புறத்து நாடா விலகி, ஸ்போக்ஸ் துளையின் விளிம்பு ட்யூபை அறுத்தல் மூன்றாவது. வேகச் சைக்கிளின் டயர் மெல்லியதும் ஒடுங்கியதும் ஆதலின், இவற்றிற்கு எளிதில் இலக்காகும்.

முட்களுள் நம்மவர் நன்கறிந்த நெருஞ்சி மிகப் பொல்லாதது. அதன் காய் எவ்வாறு விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். பழைய உலகத்துச் செடியாகிய அது அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளிலும் பரவி, 'ஆட்டுத்தலை' என்னும் பெயருடன் அங்குள்ள சைக்கிள்காரரை வருத்துகின்றது. உட்பட்டை பெரிதும் உதவுவது இத்தகைய முட்களுக்கே.

உட்பட்டையாவது, பாலியூரிதேன் முதலிய உறுதியான பொருளாற் செய்து, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே வைக்கப்படும் நீண்ட நாடா. தரையில் உருளும் பாகத்தைத் துளைத்து வரும் முள் இதில் தடைப்படும். இதனை இடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, தைத்திருக்கும் முள்ளையும் சில்லையும் அகற்றல் வேண்டும். டயரின் அகலத்திற்கு ஏற்ற பட்டையைத் தேர்ந்து, நடுவே ஒழுங்காகப் படியவைத்து, ட்யூபிற் சிறிது காற்றேற்றிப் பட்டை விலகாதபடி டயரை மூடுக. பட்டையின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சேருமிடத்தைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கூரிய முனை நாளடைவில் ட்யூபை உரசித் தானே துளை செய்யும், காவலனே கள்வனாவான். ஆதலின், முனையை வட்டமாகக் கத்தரித்து, உப்புத்தாளால் தேய்த்து மழுக்குதல் நன்று.

இதற்கு எல்லையும் உண்டு. பட்டை டயரின் பக்கங்களைக் காவாது. நசுங்கலையும் ரிம்மின் பக்கத்துத் துளையையும் தடுக்காது. சக்கரத்தின் எடை கூடும். ஓட்டம் சற்றே கனக்கும். பந்தயத்தில் விரைவோர் இதனை விரும்பாமைக்குக் காரணம் இதுவே. அன்னோர், அராமிட் இழை வைத்துச் செய்த டயரையோ, சிறு துளையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிய ட்யூபில்லா டயரையோ நாடுவர். நாள்தோறும் முள் நிறைந்த வழியிற் செல்வோர்க்கோ, சிறிது வேகம் குறைதலினும் உரிய நேரத்திற் சென்று சேர்தலே பெரிது.

எனினும், பட்டை இட்டோம் என்று பம்பை மறத்தல் ஆகாது. துளையில்லாத ட்யூபிலும் காற்று சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஒடுங்கிய டயரில் சில நாட்களிலேயே குறைவு தெரியும். டயரின் பக்கத்திற் பொறித்துள்ள அளவிற்கு மிகாமல், ஏறுபவர் எடைக்குத் தக்கபடி காற்றடைத்தல், நாடாவைச் சோதித்தல், தேய்ந்த டயரை மாற்றுதல் என்னும் இம்மூன்றோடு உட்பட்டையும் சேருமாயின், வழியில் வண்டியைத் தள்ளிச்செல்லும் துன்பம் பெரும்பாலும் ஒழியும். புறப்படுமுன் டயரைத் தடவிப் பார்க்கச் செலவிடும் ஒரு நிமிடம், வழியில் ஒரு மணி நேரத்தைக் காக்கும் என்பதனை மாணவர் மனத்திற்கொள்வாராக.