நடிப்பும் ஒரு மருந்து

வெள்ளவத்தையின் கடலோர மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வாழும் நம்மவருள், துன்பமறியாத குடும்பம் எத்தனை? 1983 ஆடிக் கலவரத்தில் வீடிழந்தோர், 1995 இல் யாழ்ப்பாணம் விட்டுப் புறப்பட்டோர், பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்திருக்கும் முதியோர் எனப் பலர். ஆயினும் வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. "நித்திரை வருகுதில்லை" என்று டொக்டரிடம் போவார்கள். மனக்கவலை என்று சொல்லார். சொன்னால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமோ என்ற அச்சம் வேறு!

நேரே சொல்ல இயலாததை வேடம் பூண்டு சொல்லலாம் என்று கண்டவர் மொரீனோ என்னும் மருத்துவர். 1889 இல் புக்காரெஸ்ற் நகரிற் பிறந்து வியன்னாவில் வளர்ந்த இவர், அங்குள்ள பூங்காக்களிலே சிறுவரைக் கூட்டிக் கதை சொல்லி நடிக்கவிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, 1936 இல் நியூயோர்க் மாநிலத்தின் பீக்கன் என்னுமிடத்தில் மருத்துவமனை நிறுவி, அதனுள்ளேயே ஓர் அரங்கும் அமைத்தார். அவருடைய முறைக்கு உளநாடகம் என்று பெயர்.

அதில் எழுதிய வசனமில்லை, ஒப்பனையுமில்லை. இரண்டு கதிரைகள் போதும். ஒன்றிலே தாய் அமர்கிறாள், எதிரே வெறுங்கதிரை. தூரதேசத்து மகன் அதில் இருப்பதாகக் கொண்டு, பல்லாண்டு அடக்கி வைத்ததையெல்லாம் கேட்கிறாள். பின் எழுந்து சென்று மகனின் கதிரையில் அமர்ந்து, அவனாகவே மறுமொழி கூறவேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தன் வாயாலேயே மகனின் கஷ்டத்தைச் சொல்ல நேரும்போது, அதுவரை காணாததொன்றை அவள் காண்கிறாள். முடிவில் சுற்றியிருப்போர் புத்தி சொல்வதில்லை. தத்தம் அனுபவத்தைச் சொல்வார்கள். (புத்தி சொல்லாதிருப்பது நம்மவர்க்குச் சற்றுக் கடினந்தான்!)

இது மேனாட்டுச் சரக்கு என்று தள்ளவேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையிலே சிங்கள மக்கள் நடத்தும் தொவில் சடங்கில், முகமூடியணிந்த பேய் முதலில் அச்சுறுத்தும். பின்னர் கோமாளியாகி நோயாளியையே சிரிக்க வைக்கும். அஞ்சிய பொருளைக் கண்டு சிரித்தவனுக்கு அச்சம் பாதி போய்விடுகிறது.

நம் நாட்டுத் தமிழரங்கில் முதலிற் சொல்லத்தக்கவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியவர். இவர் எழுத, சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் மேடையேறியது. 1991 இல் எழுதிய 'அன்னை இட்ட தீ' போர் விளைத்த மனவடுக்களையே பொருளாகக் கொண்டது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அதே மண்ணில் அவ்வடுக்களை ஆராய்ந்து எழுதி வந்த காலம் அது. 1992 இன் 'எந்தையும் தாயும்', பிள்ளைகள் வெளிநாடு செல்லத் தனித்துப்போன முதியோரின் கதை. வெள்ளவத்தை வாசகர்க்கு விளக்கம் வேண்டுமோ?

மட்டக்களப்பில் 1996 இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. யேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். போராற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர் அங்கே ஒன்றுகூடி, களிமண் பிசைந்து, கதை கட்டி, நடித்தனர். "உனக்கு என்ன நடந்தது?" என்று வினவாமலே, பிள்ளை புனையும் கதையின் வழியே அதன் மனத்தை அறிய முயல்வது இத்தகைய பணியின் வழக்கம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆறாத புண்ணை அரங்கிற் கிளறிவிட்டு, அழவைத்து, கைதட்டி அனுப்புவது வைத்தியமன்று, தீங்கு. வேடத்தைக் களைந்து இயல்புநிலைக்கு வர நேரம் கொடுத்தல் வேண்டும். கடுமையான மனநோயுள்ளோர்க்கு மருத்துவரின் மேற்பார்வையின்றி இதைச் செய்தலாகாது. ஆசிரியராகிய நாம் மருத்துவரல்லேம்.

ஆனால் பாடசாலையில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்று மாணவர் நாடகம் பெரும்பாலும் தமிழ்த் தினப் போட்டிக்காகவே நடைபெறுகிறது. நன்றாகப் பேசுபவனுக்கே பாத்திரம். கூச்சமுள்ளவன் திரைச்சீலை இழுக்கிறான். அரங்கு யாருக்கு மிகவும் தேவையோ, அவனே அதற்கு வெளியே நிற்கிறான். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பரிசில்லாமல், பார்வையாளரில்லாமல், பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு வகுப்பறையில் நடிக்கவிட்டாற் போதும். பரீட்சைப் பயத்தையோ வீட்டுச் சண்டையையோ அவர்களே கதையாக்குவர். பெற்றோர் பார்க்க விரும்புவது இயல்பே. முதற் சில வாரங்களுக்கேனும் வாசலோடு நின்றுகொள்ளும்படி அவர்களை வேண்டுகிறோம்.