பூட்டு வலுவானதுதான், சாவி யாருடையது?

அமெரிக்காவின் ஃபில் ஸிம்மர்மன் 1991-இல் பி.ஜி.பி. என்ற மறையாக்க மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அது இணையம் வழியே நாடு தாண்டிப் போய்விட, 1993-இல் அவர்மீது குற்ற விசாரணை தொடங்கியது. வலுவான மறையாக்கம் அன்றைய அமெரிக்க ஏற்றுமதிச் சட்டப்படி ஆயுதம். புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை என்பதால், 1995-இல் எம்.ஐ.டி. பதிப்பகம் அதன் நிரலையே நூலாக அச்சிட்டது. 1996 ஜனவரியில், வழக்குத் தொடராமலேயே விசாரணை கைவிடப்பட்டது.

அப்படி என்ன இருந்தது அதில்? ஆளுக்கு இரண்டு சாவிகள். பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது. உங்கள் பொதுச் சாவியால் பூட்டிய கடிதத்தை உங்கள் தனிச் சாவிதான் திறக்கும். மின்னஞ்சல் சேவை நடத்தும் நிறுவனத்தாலும் அதைப் படிக்க முடியாது. தனிச் சாவியால் நீங்கள் கையெழுத்திட்டதைப் பொதுச் சாவி வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். இடையில் ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது.

இந்தப் பூட்டின் பின்னுள்ள கணிதத்தை உடைப்பது மிகக் கடினம். ஏமாற்ற நினைப்பவருக்கு உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் தோழியின் பெயர், முகவரியைத் தட்டச்சு செய்து எவரும் ஒரு சாவி உருவாக்கிவிடலாம். அதை நம்பி நீங்கள் பூட்டி அனுப்பும் ரகசியத்தைத் திறக்கும் சாவி அந்தப் போலி ஆளிடம்தான் இருக்கும். அதனால்தான் ‘ஃபிங்கர்பிரின்ட்’ என்ற அடையாள எண். பி.ஜி.பி. முறையைப் பின்பற்றும் குனூபிஜி மென்பொருளில் எண்ணும் எழுத்தும் கலந்த 40 குறிகள், நான்கு நான்காகப் பிரிந்து திரையில் வரும். குரல் தெரிந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வாசிக்க வாசிக்க ஒப்பிட வேண்டும். சாவி வந்த அதே மின்னஞ்சலில் கேட்டால் பயனில்லை. போலி ஆளே பதில் அனுப்புவார்.

சலிப்பான வேலைதான், குழப்பமானதும்கூட. 1999-இல் ஆய்வாளர்கள் அல்மா விட்டனும் டைகரும் 12 பேரிடம் பி.ஜி.பி. 5.0-ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகப் பூட்டிக் கையெழுத்திட்டார்கள். பழியை மென்பொருளின் வடிவமைப்பின் மீதுதான் போட வேண்டும். அந்த மனிதர்கள்மீது அல்ல.

வாட்ஸ்அப், சிக்னல் இந்தச் சிரமத்தை மறைத்துவிட்டன. சாவிப் பரிமாற்றம் தானாக நடக்கிறது. நேரில் சரிபார்ப்பது மட்டும் இன்னும் நம் கையில். வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு, ‘என்கிரிப்ஷன்’ பகுதிக்குப் போனால் 60 இலக்க எண்ணும் கியூஆர் குறியீடும் இருக்கும். அவரை நேரில் பார்க்கும்போது ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் குறியீடு மாறியதாக அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் அவர் புது போன் வாங்கியிருப்பார் அல்லது செயலியை மறுபடி நிறுவியிருப்பார். இருந்தாலும் வங்கி விவரமோ மருத்துவ அறிக்கையோ அனுப்புமுன் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.