உங்களுக்குத் தெரியுமா? போர்முனையிலிருந்து வீட்டுக்கு!

1861, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜேம்ஸ் ஹாங்கருக்கு வயது 18. பீரங்கிக் குண்டில் ஒரு காலே போய்விட்டது! ஊர் திரும்பியவர் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பையன் இடிந்துபோய்விட்டானோ? இல்லை! உள்ளே பீப்பாய்ப் பலகையைச் சீவிக்கொண்டிருந்தார்! சில மாதங்களில் தானே செய்த காலை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர் தொடங்கிய செயற்கைக் கால் நிறுவனம் 160 ஆண்டு தாண்டி இன்றும் நடக்கிறது!

அதே போரில் வலது கையை இழந்த வீரர்களுக்கு ஒரு போட்டி. என்ன போட்டி? இடது கையால் அழகாக எழுத வேண்டும்! 1865-ல் அறிவித்தவர் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஓலண்ட் போர்ன். பரிசுத் தொகை மொத்தம் 1,000 டாலர்!

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கான முதல் பயிற்சிப் பள்ளி ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பிறந்தது, முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக! ஆண்டு 1916!

போரில் இறந்தவர்களின் நினைவாகப் பிரிட்டனில் நவம்பர் வந்தால் சட்டையில் குத்திக்கொள்கிறார்களே, சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ? தொடக்கத்தில் ஒரு கை இழந்தவரும் மறு கையாலேயே அதைக் கோத்துவிட முடிந்தது. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள்! 1922-ல் பூச்செய்யும் வேலையைத் தொடங்கியவர்கள் ஐந்தே ஐந்து ஊனமுற்ற வீரர்கள்!

இனி நான் தேடியதிலேயே மாணிக்கம்! இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர். இரண்டாம் உலகப் போரில் முகம் கருகிய விமானிகளுக்கு அங்கே டாக்டர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ புது முகம் கொடுத்தார். வார்டுக்குள்ளேயே பீர்ப் பீப்பாய்! ஆஸ்பத்திரி உடை கட்டாயமில்லை, தங்கள் ராணுவ உடையிலேயே கடைத்தெருவுக்குப் போகலாம். ஊரார் அவர்களை வீட்டுக்கு அழைத்து உபசரித்தார்கள். அதனால் கிடைத்த பெயர் ‘வெறித்துப் பார்க்காத ஊர்’! எத்தனை பெரிய மனசு! நோயாளிகள் தொடங்கிய ‘கினிப்பன்றி கிளப்’புக்குப் பொருளாளர் யார் தெரியுமா? கால் கருகியவர். பணத்தோடு ஓட முடியாதாம்! செயலாளரோ விரல் கருகியவர். நீட்டி முழக்கி எழுத மாட்டாராம்! உறுப்பினர்கள் 649 பேர்!

போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு உதவ, ஓட்டல் அறைக் காகிதத்தில் ஹாரி கோல்மெரி என்பவர் கிறுக்கிய வரைவு, 1944-ல் அமெரிக்கச் சட்டமானது. அதில் படிப்பும் பயிற்சியும் பெற்ற வீரர்கள் சுமார் 78 லட்சம்!

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் தொடக்க விழா. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் காயம்பட்ட ராணுவத்தினர் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அம்பு எய்தார்கள். ஏற்பாடு டாக்டர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் அங்கேதான் முளைத்தது!

நம்மவரை விடலாமா? முரளிகாந்த் பேட்கர், ராணுவக் குத்துச்சண்டை வீரர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அவர்மீது குண்டுகள் பாய்ந்தன. மீண்டவர் நீச்சல் குளத்தில் குதித்தார்! 1972, ஹைடல்பெர்க், 50 மீட்டர். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். நேரம் 37.33 வினாடி!