நெல்லின் அடக்கவிலையை விரிதாளிற் கணித்தல்

ஒரு கிலோ நெல்லை விளைவிக்க எத்தனை ரூபா சென்றது என்பதை அறியாது களத்திலேயே விலை பேசுதல் நட்டத்துக்கு வழியாகும். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள விரிதாள் இக்கணக்கை விரைவிற் செய்து தரும்.

உதாரணமாக, 2 ஏக்கர் வயலில் உழவுக்கு 60000, விதை, பசளை, நாசினிகளுக்கு 70000, அறுவடைக்கு 50000 ரூபா செலவாயின், அவற்றை முறையே பி1, பி2, பி3 ஆகிய கலங்களில் எழுதுக. விளைவு 3000 கிலோ எனின் அதனைப் பி4 இல் இடுக. சூத்திரம் சமக்குறியுடன் தொடங்கல் வேண்டும். கலப்பெயர்களை ஆங்கில எழுத்திலேயே தட்டுக.

=(பி1+பி2+பி3)/பி4

விடை 60 ரூபா. அடைப்புக்குறி விடுபடின், கூட்டலுக்கு முன் வகுத்தல் நிகழ்வதால், அறுவடைச் செலவு மாத்திரம் வகுக்கப்பட்டு 130016.67 என வரும். இப்பிழை கண்ணுக்குப் புலப்படும், அடுத்தது புலப்படாது.

செலவுகள் பலவாயின் கூட்டற் சார்பாகிய 'சம்' என்பதைக் கொண்டு =சம்(பி1:பி3)/பி4 என எழுதுவர். பி3 இல் "50000 ரூபா" எனச் சொல்லையும் சேர்த்து எழுதியிருப்பின், அக்கலம் எண்ணாகக் கொள்ளப்படாது. யாதோர் எச்சரிக்கையுமின்றி விடப்படும். விடை 43.33 ஆகும். அதனை நம்பிக் கிலோ 50 ரூபாவுக்கு விற்பவர், இலாபம் எனக் கருதிக்கொண்டே மொத்தத்தில் 30000 ரூபா இழப்பார். ஆதலாற் கலத்தில் எண்ணை மட்டும் இடுக; பெயரையும் அலகையும் ஏ நிரலில் எழுதலாம்.

வீட்டார் உழைப்புக்கும் கூலி கணித்தல் முறையாகும். அநேகர் இதனை விட்டுவிடுகின்றனர். அதற்கான நிரையை முதலாம், மூன்றாம் நிரைகளுக்கு இடையிற் செருகினால், 'சம்' சூத்திரம் தானாகவே விரிந்து அதனையும் கூட்டிக்கொள்ளும். மிளகாய், வெங்காயச் செய்கைக்கும் இம்முறையே பொருந்தும்.