ஒரு வீட்டிற்கு இரண்டு கூரைகளா?
சொந்த ஊரில் கான்கிரீட் வீடு கட்ட விரும்புவோர் கவனத்திற்கு

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை நோக்கி நெடுஞ்சாலையில் வருகிறவர்கள், அமரவிளையைக் கடந்ததும் உதியன்குளங்கரையை அடைகிறார்கள், அடுத்தது பாறசாலை. சென்னை, பெங்களூர், மும்பை, வளைகுடா நாடுகள் எனப் பிழைப்பிற்காகச் சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணம், இப்பகுதியில் இரண்டு மாடி வீடுகளாக எழுந்து நிற்கிறது. சற்று நிமிர்ந்து பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். லட்சக்கணக்கில் செலவிட்டு வார்த்த மொட்டைமாடியின்மேல், இரும்புக் குழாய்களை நட்டுத் தகடு வேய்ந்து, இரண்டாவதாக ஒரு கூரையைப் பலர் போட்டிருக்கிறார்கள். 'டிரஸ் ஒர்க்' என்று இதற்குப் பெயர். துணி காயப்போட வசதி என்று காரணம் சொல்லப்படுவதுண்டு. பல வீடுகளில் உண்மையான காரணம், கூரை ஒழுகுகிறது, அல்லது இரவில் உள்ளே படுக்க முடியாத வெக்கை என்பதே.

இது ஏன் நேர்கிறது? ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் இவ்வூரை நனைக்கின்றன. நம் முன்னோர் இதை அறிந்தே சாய்ந்த கூரை போட்டார்கள். தக்கலைக்கு அருகில், 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனையைச் சென்று பாருங்கள். அரசன் வாழ்ந்த வீட்டிலும் செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி நீண்ட இறவாரம், காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் முற்றம் ஆகியவையே உள்ளன. தட்டையான கான்கிரீட் தளமோ மழைநீரைத் தேக்குகிறது. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, இரவில் அதைக் கீழேயுள்ள அறைக்குள் இறக்குகிறது.

அப்படியானால் கான்கிரீட்டே வேண்டாமா? அவ்வாறு சொல்ல வரவில்லை. ஓடும் நல்ல மரமும் கிடைப்பதும், அவற்றைப் பராமரிப்பதும் இன்று எளிதல்ல. ஆனால் வீட்டின் முகப்பிற்கும் கிரானைட்டிற்கும் பொய்க்கூரைக்கும் எடுத்துவைக்கும் தொகையில் ஒரு பங்கையாவது கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவற்றில் முதலாவது வார்ப்பு.

வார்ப்பு நாளில் நடப்பது என்ன?

கான்கிரீட் கலவையில் தண்ணீர் மிகுந்தால் கொத்தனாருக்கு வேலை எளிது. கலவை தானாகவே ஓடிப் பரவும். ஆனால் மிகுதியான நீர் பின்னர் ஆவியாகி, தளத்திற்குள் நுண்ணிய துவாரங்களை விட்டுச் செல்லும். அவற்றின் வழியே மழைநீர் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்துப் பருத்து, கீழ்ப்பூச்சைப் பிளந்து தள்ளும். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். வாளியை எண்ணுவதற்கென்று நம்பிக்கையான ஒருவரை நிறுத்துவது வீண்செலவு அல்ல. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே 'கவர் பிளாக்' வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். உடைந்த ஜல்லித் துண்டுகளை அதற்குப் பதிலாகச் சொருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது நீராற்றுதல். வார்ப்பின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை, பிள்ளைகளும் அறிந்த சடங்காக நினைத்து இரண்டு மூன்று நாட்களில் விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட்டிற்கான இந்தியத் தர விதித்தொகுப்பு (ஐ.எஸ். 456, ஆண்டு 2000) சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற சிமெண்டுகளுக்குக் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காக்கச் சொல்கிறது. வெயில் கடுமையான காலத்தில் பின்னதற்கு 14 நாட்கள் நல்லது. முட்டுகளைப் பிரிப்பதற்கும் கணக்கு உண்டு. சுமார் 15 அடி அகலம் வரையுள்ள தளத்திற்கு 7 நாட்கள், அதற்கு மேற்பட்டால் 14 நாட்கள். 20 அடிக்கு மேல் நீளமான உத்தரத்திற்கு 21 நாட்கள். இவை சாதாரண சிமெண்டுக்கான அளவுகள், பி.பி.சி. என்றால் இன்னும் சில நாட்கள் பொறுக்க வேண்டும். விசாலமான வரவேற்பறை கேட்கிறவர்கள் விசாலமான பொறுமையையும் கூடவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இக்கணக்குகளைக் குலைப்பது பெரும்பாலும் நாம் குறிக்கும் பிரதிஷ்டைத் தேதியே. விடுமுறை கிடைப்பது மே மாதத்தில். ஊழியக்காரர்களுக்கும் உறவினருக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று. எனவே முட்டு முன்னதாகவே பிரிக்கப்படுகிறது. ஈரம் உலராத சுவரில் வர்ணம் அடிக்கப்படுகிறது. ஜெபமும் விருந்தும் முடிந்து வீட்டுக்காரர் மும்பைக்கு ரயிலேறிய பிறகு ஜூன் மழை பிறக்கிறது. சுவரில் வர்ணம் கொப்புளிப்பதை முதலில் காண்கிறவர்கள் வயதான தாய் தந்தையர். தொலைபேசியில் பிள்ளையிடம் சொன்னால் வருந்துவானே என்று அவர்கள் பாத்திரத்தை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எது ஆடம்பரம்?

1999 ஏப்ரல் 1 முதல் கட்டி முடிக்கப்பட்ட, 278.7 சதுர மீட்டர் (3,000 சதுர அடி) அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கேரள அரசு ஆண்டுதோறும் ஒரு வரி விதித்து, அதற்கு 'ஆடம்பர வரி' என்றே பெயர் வைத்தது. தொடக்கத்தில் அது 2,000 ரூபாய். பிற்பாடு பரப்பளவிற்கேற்ப உயர்த்தப்பட்டது. ஆக, ஆடம்பரம் என்பதற்குச் சட்டம் வைத்த அளவுகோல் பரப்பளவு. குடியிருப்பவரின் அளவுகோல் வேறு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கேரளத்தில் 'காலி' எனக் குறிக்கப்பட்ட வீடுகளும் கட்டிடங்களும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டவை. பூட்டிய வீட்டில் பூஞ்சையும் கரையானும் வாடகையின்றிக் குடியேறும்.

ஆகவே, வரைபடம் போடும்முன் இவ்வீட்டில் ஆண்டு முழுவதும் இருக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பெற்றோர் என்றால் அவர்களது படுக்கையறையும் குளியலறையும் கீழ்த்தளத்திலேயே அமையட்டும். சக்கர நாற்காலி நுழையக் குளியலறைக் கதவு மூன்று அடி இருக்கட்டும். தரை வழுக்காத ஓடாகவும், சுவரில் பிடித்து எழக் கம்பியும் இருக்கட்டும். அலங்காரச் சமையலறை ஒன்று, அதன் பின்னே விறகடுப்போடு உண்மையான சமையலறை ஒன்று என்று கட்டுவது இவ்வட்டார வழக்கம். அம்மா எதில் சமைப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்!

வெக்கைக்கும் வழி உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், குவேக்கர் கிறிஸ்தவர். குஷ்டரோகிகளுக்கான பணிக்காக 1945இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் பாரம். எனவே கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளை இரட்டையாக வைத்து வார்க்கும் முறையை அவர் பரப்பினார். சிமெண்டும் மிச்சம், ஓடுகளின் நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் குறைக்கும். உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவர் கட்டியது. முறை அறிந்த பொறியாளர் இல்லாமல் இதைச் செய்யலாகாது. அது இயலாவிட்டால், பின்னால் தகடு போடுவதை விட, வரைபடத்திலேயே சாய்ந்த கூரையைத் திட்டமிடுவது சிக்கனம்.

நிலம் வாங்குவோர், அது நெல்வயல் பட்டியலில் உள்ளதா என்று கிருஷி பவனில் முதலில் விசாரிக்கவும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவது கடினம். கிணற்றிலிருந்து கழிவுநீர்க் குழி 7.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

மொட்டைமாடியே போடுவதென்றால், கைப்பிடிச்சுவர் அவசியம். உபாகமம் 22:8 புது வீட்டிற்குக் கேட்கும் ஒரே கட்டுமான விதி அதுதான். ஆனால் நீர் வெளியேறும் குழாய்கள் குறைந்தால் அச்சுவரே மாடியைத் தொட்டியாக்கும். 1,500 சதுர அடி மாடியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 14,000 லிட்டர் தண்ணீர் சேரும். அதை வடிகட்டிக் கிணற்றிற்கு அனுப்பலாம். திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் 'மழைப்பொலிமா' என்ற திட்டத்தின் கீழ் இவ்வாறு செய்கிறார்கள். பலா, ரப்பர் மர இலைகள் குழாயை அடைத்துவிடும். மே மாத இறுதியில் ஒருமுறை சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

முடியுமானால், பிரதிஷ்டையைச் சற்றுத் தள்ளிவைத்து, விடுப்பில் ஒரு வாரத்தை ஜூன் மாதத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல மழையில் குடையோடு மாடிக்கு ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறதென்று பார்த்துச் சுண்ணாம்பால் அல்ல, வர்ணத்தால் அடையாளமிடுங்கள். காண்டிராக்டருக்குக் கடைசித் தவணையை அந்த அடையாளங்களெல்லாம் சரிசெய்யப்பட்ட பின்பு கொடுத்தால் போதும்.