விரிசல் விழுந்த வட்டு

பட வட்டு ஒன்று கணினியின் டிரைவுக்குள் உடைந்து சிதறினால், பழி முதலில் டிரைவின் மேல்தான் விழுகிறது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 12 செ.மீ. விட்டமுள்ள டிவிடி, 16 மடங்கு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். அப்போது அதன் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த வேகத்தின் இழுவிசை மிகக் கடுமையாகத் தாக்குவது நடுத்துளையின் ஓரத்தை. உறையிலிருந்து வளைத்துப் பிடுங்கும்போது மயிரிழை விரிசல் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

“நேற்றுவரை ஓடியதே” என்பார்கள். சுழலச் சுழல விரிசல் வளரும்; நேற்றைய ஓட்டம் இன்றைக்குச் சான்றாகாது. படம் பார்க்க அவ்வளவு வேகம் எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், டிவியோடு இணைத்த பிளேயரில் வட்டு நிதானமாகவே சுழல்கிறது. கணினியோ நகலெடுக்கும்போது முழு வேகத்துக்குத் தாவிவிடும். ஆகவே வட்டை வெளிச்சத்தில் பிடித்து நடுத்துளையைப் பாருங்கள். கோடு ஓடியிருந்தால் போடவே வேண்டாம். (கீறல் வேறு, விரிசல் வேறு, கீறல் படத்தைத்தான் கெடுக்கும்.) உள்ளே உடைந்துவிட்டாலோ, திறக்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். தட்டு நகரும்போது சில்லுகள் லேசர் லென்ஸைக் கீறிவிடும்.