உப்புக் காற்றும் மின்சார ஸ்கூட்டரும்

விழிஞ்ஞம் கடலோர ஊர். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கும். அது இரும்பை அரிக்கும். மின்சார ஸ்கூட்டரையும் விடாது. சார்ஜ் போடும் பிளக்கின் கம்பிகளில் பச்சை படியும். அந்த இடத்தில் சூடு ஏறும். பிளக் உருகவும் கூடும். ஆகவே சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சார்ஜ் போடக் கூடாது.

மழைக்கும் திருட்டுக்கும் பயந்து, பலர் இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் ஆபத்து பெரிது. 2022 மார்ச் மாதம் தமிழ்நாட்டில், வேலூரில், அப்படிப் போட்ட வண்டி தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

பகலில், கூரையுள்ள திண்ணையில், ஆள் பார்த்திருக்கும்போது சார்ஜ் போடலாம். ஓட்டி வந்த சூடு முதலில் ஆறட்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.